கிணற்றுக்குள் இறங்கிய இஞ்சின்

ஓசூரில் கரண்ட் போனதும் தெருவிலிருந்த பட்டறைகளில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. டீசல் புகை மூக்கில் ஏறியது. டீக்கடையில் நின்றிருந்த நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். எந்த ஊரில் வேலைக்கு நின்றாலும் இந்த நாற்றம் என்னை எங்கள் ஊர் நாகரசம்பட்டிக்கே இழுத்துப் போய்விடும்.

எண்பதுகளில் மழை பொய்த்த ஒரு கோடை. எங்கள் நிலத்துக்குக் கரண்ட் கம்பி வரவில்லை. அப்பா டீசல் இஞ்சின் வைத்து மாங்கன்றுகளுக்குத் தண்ணீர் இறைத்தார். கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக, மேலே நின்ற இஞ்சினால் இழுக்க முடியவில்லை. அதைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இருந்த பாறைத் திட்டில் இறக்கினார்கள். கல் சந்துகளில் கூடு வைத்திருந்த புறாக்கள் மறுநாளே காணாமல் போயின.

"புறா ஒண்ணுகூட இல்ல, பாத்தீங்களா?" என்றாள் அம்மா.

"சத்தத்துக்குப் பயந்து ஓடிருச்சு. நீயும் ஓடு," என்று அப்பா சிரித்தார்.

"பொகை உள்ளயே சுத்துதே?"

"பொகைக்கு நான் வழி காட்டணுமா? மேல தொறந்துதானே கெடக்குது, போயிக்கும்."

கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்ததும் இஞ்சினை நிறுத்த அப்பா இறங்கினார். இஞ்சின் நிற்கவில்லை. அம்மா மேட்டில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். டீசல் தீர்ந்து அது தானாக அடங்கி, புகை கலைந்த பிறகுதான் ஆட்கள் இறங்க முடிந்தது. கட்டிலில் கட்டி மேலே தூக்கியபோது அப்பாவின் உடம்பில் ஒரு காயம்கூட இல்லை; மூச்சும் இல்லை.

"இவ்ளோ பொகையும் எங்கண்ணா போவும்?" என்று ஓசூர் டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"மேலதான். வானம் எம்மாம் பெருசு!"

எங்கள் கிணற்றுக்கு மேலேயும் அந்த வானம்தான் இருந்தது.