அட்டை இல்லாத கேசட்டுகள்

மகன் ஏ.சி. வாங்கிவிட்டான். அம்பத்தூர் வெயிலுக்கு அது தப்பில்லை, நானே இரண்டு கோடையாக ஜாடைமாடையாகக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான். மாட்ட வந்தவர்கள் பரணைக் காலி செய்தால்தான் பைப் போகும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் அந்த அட்டைப்பெட்டி கீழே இறங்கியது.

பிரித்தவுடன் பாச்சை உருண்டை வாசம். கொஞ்சம் பொறுத்து, அதற்கு அடியிலிருந்து இன்னொரு வாசம் வந்தது. மிஷின் எண்ணெய். இரும்புத் தகட்டை அடித்து வடிவம் எடுக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவன் கை பட்ட எதிலும் அது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அந்த வாசம் அடிக்கிறது என்று என் மனைவி சொல்வாள். பெட்டி நிறைய கேசட்டுகள். எல்லாம் நானே ஆசை ஆசையாக வாங்கியவை. ஆனால் பாதிக்கு மேல் என்னிடம் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. சிலவற்றின் பெயரைப் படித்தால் இப்படியெல்லாம் ஒரு படம் வந்ததா என்று சந்தேகமாக இருந்தது. ஒரு வாரம்கூட ஓடாத படங்கள்தான் அதிகம். படம் ஓடாவிட்டால் என்ன, பாட்டு நன்றாயிருக்கும் என்று வாதாடி வாங்குகிற ஆள் நான். என் மனைவி இதை ஒரு வியாதி என்றே நினைத்தாள்.

கேசட் என்றதும் பென்சிலை விட்டுச் சுற்றிய கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் அதைத் தொடப்போவதில்லை, பயப்படாதீர்கள்.

தரையில் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பழைய கேசட்டுகள் எல்லாம் முழுசாக இருந்தன. டப்பா, உள்ளே படம் போட்ட அட்டை, கேசட். ஒரு கட்டத்துக்குப் பிறகு வந்தவை எதிலும் அட்டை இல்லை. வெறும் டப்பாவுக்குள் வெறும் கேசட். ஒன்றிரண்டு தொலைந்திருந்தால் பரவாயில்லை, இவை வரிசையாக எல்லாமே மொட்டையாக இருந்தன. ஏன் என்று யோசிக்க எனக்கு நேரம் ஆகவில்லை. அந்த அட்டைகள் காதரிடம் இருந்தன.

காதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூந்தமல்லிக்காரன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே பிரஸ் ஷாப்பில், பக்கத்துப் பக்கத்து மிஷினில், இளமைக் காலம் முழுக்க நின்றோம். இரண்டு பேருக்கும் பாட்டுப் பைத்தியம். தனித்தனியாகக் கேசட் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று சேர்ந்து வாங்க ஆரம்பித்தோம். சம்பளத்துக்கு மறுநாள் ஷிஃப்ட் முடிந்து நேராக அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த கேசட் கடைக்குப் போவோம். வாங்கி முடித்ததும் பங்கு பிரிக்க வேண்டுமே! அதற்கு காதர்தான் வழி கண்டுபிடித்தான்.

"ஒனக்கு கேசட்டு, எனக்கு அட்டை. நீ கேட்டுகினு இரு, நான் படிச்சிகினு கீறேன். அடுத்த வாரம் மாத்திக்கலாம் மாமே."

வேடிக்கையாக இருக்கிறதா? எங்களுக்கு அது தர்ம நியாயமாகப் பட்டது. அட்டையை வைத்திருப்பவன் பாடியவர் யார், எழுதியவர் யார் என்று மனப்பாடம் செய்துகொண்டு வருவான். கேசட்டை வைத்திருப்பவன் மெட்டைக் கொண்டு வருவான். சாப்பாட்டு மணியடித்தால் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் அதுதான் பேச்சு. அப்புறம் மாற்றிக்கொள்வோம். இரண்டு பேரும் கேட்டு முடித்த பிறகு ஒரு கேசட் முழுசாக அவன் வீட்டில் தங்கும், அடுத்தது என் வீட்டில் தங்கும். "நீங்க ரெண்டு பேரும் கட்டிக்கினு இருந்தா இந்த ரோதனையே இல்ல" என்பாள் என் மனைவி.

இதில் ஒரு விநோதம் உண்டு. இத்தனை பாட்டுகளில் ஒன்றைக்கூட நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து கேட்டதில்லை. அவன் வீடு பூந்தமல்லியில், என் வீடு அம்பத்தூரில். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். ரிட்டயர் ஆனதும் இரண்டு வீட்டுப் பெட்டியையும் ஒரு இடத்தில் கொட்டி, முதலிலிருந்து கடைசிவரை ஒரு பாட்டு விடாமல் கேட்க வேண்டும் என்று பேசிக்கொள்வோம். பிள்ளைகளின் கல்யாணத்தைக்கூட இவ்வளவு ஆசையாகத் திட்டம் போட்டதாக எனக்கு நினைவில்லை.

பிரஸ் ஷாப் சத்தத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? நாள் முழுக்க ஒருவன் உங்கள் தலைக்குப் பக்கத்தில் இரும்புக் கதவை அடித்து அடித்துச் சாத்துகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காதில் வைக்க ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். நாங்கள்தான் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். தகட்டை வெட்டுகிற அச்சுக்கு டை என்று பெயர், அது தேய ஆரம்பித்தால் அடி விழுகிற சத்தம் மாறும். அதைக் காதால் பிடிக்கிறவன்தான் நல்ல ஆப்பரேட்டர். அடைப்பானைப் போட்டுக்கொண்டு நிற்பவனைப் பார்த்து நாங்களே சிரித்திருக்கிறோம். காது மந்தம் என்று தெரிந்தால் பிரஸ்ஸை விட்டு எடுத்துவிடுவார்கள், பேக்கிங்கில் உட்கார்த்திவிடுவார்கள். ஓவர்டைம் கிடையாது, மரியாதையும் கிடையாது.

எந்த வருஷம் என்று தெரியவில்லை. காதர் கேசட் கடையில் ஒரு புதுப் பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தான். "உள்ள பாட்டு வரி போட்டு கீற கேசட்டா குடு அண்ணாத்தே" என்பான். சில கேசட்டுகளில் அட்டை நீளமாக மடித்து, முழுப் பாட்டும் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். அதுதான் வேண்டும். நான் ஆசைப்பட்ட ஒன்றிரண்டு கேசட்டுகளை இதனாலேயே வாங்க முடியாமல் போய், நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறியதும் உண்டு.

பிறகு ஒரு நாள், அட்டையையும் கேசட்டையும் மாற்றிக்கொள்ள வேண்டிய அன்று, நான் நீட்டிய கேசட்டை அவன் வாங்கவில்லை.

"நீயே வெச்சிக்க மாமே. எனக்கு அட்ட போதும்."

"இன்னாடா, டேப்பு ரிப்பேரா?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. நீ கேளு."

அடுத்த முறையும் அதேதான். அப்போது அவன் தாடி வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை தொழுகைக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்தான். சரி, மார்க்கத்தில் ஈடுபாடு வந்து சினிமாப் பாட்டு கேட்பதை விட்டுவிட்டான் போலிருக்கிறது, எனக்காகக் கூட்டை முறிக்காமல் வருகிறான் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அப்படி ஒருவனிடம் போய் ஏன் என்று கேட்பது நாகரிகம் இல்லை என்று கேட்கவும் இல்லை. என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் வேறு என்னவோ ஆகிவிடுகிறது.

அப்புறம் கம்பெனியை மூடினார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் போனோம். கல்யாணம் கருமாதியில் பார்த்துக்கொள்வதோடு சரி. போன் போட்டால் காதர் வாய் ஓயாமல் பேசுவான். ஆனால் நான் கேட்டதற்குப் பதில் வராது, அவன் பாட்டுக்கு எதையோ சொல்லிக்கொண்டு போவான். கொஞ்சம் பொறுத்து அவன் மனைவி ஜரீனா போனை வாங்கிவிடுவாள். ஆள் மாறிப்போய்விட்டான், நம்மோடு பேச இஷ்டமில்லை என்று நினைத்து நானும் போன் போடுவதைக் குறைத்துக்கொண்டேன்.

இனி இந்த ஏ.சி. மாட்டிய வாரத்துக்கு வருகிறேன். பெட்டியோடு பரணிலிருந்து இறங்கிய டேப்ரெக்கார்டரின் பெல்ட் உருகி ஜவ்வாகக் கிடந்தது. கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்து, அட்டை இல்லாத கேசட் ஒன்றைப் போட்டேன். ஒரு பெண் தனியாக மழைக்குக் காத்திருக்கும் பாட்டு. முதலில் புல்லாங்குழல் மட்டும் வரும். அந்தக் குழலுக்காகவே அந்தக் கேசட்டை வாங்கினேன். குழலைக் காணோம். தபேலா வந்தது, பாடுகிறவரின் குரல் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல வந்தது. ஹெட்டைத் துடைத்தேன். ஸ்க்ரூவைத் திருகினேன். கேசட் பாழாகிவிட்டது என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே மாமா கேக்குது? ஃப்ளூட்டு சூப்பரா கீது" என்றாள்.

காது டாக்டர் ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். நான் வெகு நேரம் கையைத் தூக்கவே இல்லை. எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டார். பிரஸ் ஷாப் என்றேன். அவர் எழுத ஆரம்பித்தார். எனக்கு என் காதைப் பற்றிக்கூட அப்போது நினைப்பு ஓடவில்லை. 'எனக்கு அட்ட போதும்' என்று காதர் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அவன் நின்ற மிஷின் என்னுடையதைவிடப் பெரியது.

மொட்டைக் கேசட்டுகளையும் டேப்ரெக்கார்டரையும் பையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லி பஸ் ஏறினேன். நூம்பல் பக்கம் வயலாக இருந்ததெல்லாம் அடுக்குமாடி, ரோடு நெடுக மெட்ரோ தூண். எந்த ஸ்டாப் என்று கண்டக்டர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவர்தான் தட்டிச் சொன்னார்.

ஜரீனா கதவைத் திறந்தாள். "வாங்கண்ணே! இன்னாண்ணே, எங்கள மறந்தே பூட்டீங்களா? உள்ளதான் கீறாரு. மூஞ்சிக்கு நேரா நின்னு பேசுங்க, அப்பதான் வெளங்கும்."

"எவ்ளோ நாளாம்மா இப்படி?"

"கம்பெனில இருக்கசொல்லோவே கேக்கல. வெளிய தெரிஞ்சா மிஷின உட்டு எடுத்துடுவாங்கோன்னு யார் கிட்டயும் சொல்லல."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னாம்மா?"

அவள் உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "சொன்னா நீங்க கேசட்டு வாங்கறத நிறுத்திடுவீங்கோன்னு பயந்தாருண்ணே."

நான் நிறுத்தியிருப்பேன் என்பதுதான் உண்மை. அவனை வைத்துக்கொண்டு பாட்டுப் பேசுவது பாவம் என்று நிறுத்தித்தான் இருப்பேன்.

காதர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் "மாமே!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான். பையைத் திறந்து காட்டினேன். ஒரு கேசட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்து போனான். பிஸ்கெட் டின் ஒன்றை எடுத்து வந்தான். உள்ளே அத்தனை அட்டைகளும் இருந்தன. மடிப்பெல்லாம் நைந்து, துணி மாதிரி மெத்தென்று ஆகியிருந்தன. எது எந்தக் கேசட்டுக்கு உரியது என்று அவனே ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவுக்குள் போட்டான். கேசட்டுகள் முழுசாயின.

அந்த மழைப் பாட்டைப் போட்டு, சத்தத்தை முழுக்கத் திருப்பினேன். காதர் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். கண்ணை மூடினான். பிறகு பாட ஆரம்பித்தான்.

ஒரு வார்த்தை பிசகவில்லை. ஆனால் அது அந்தப் பாட்டே இல்லை. வேறு மெட்டு. கேசட்டில் பாட்டு துள்ளிக்கொண்டு ஓடுகிறது, இவன் நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு வரியையும் தாலாட்டு மாதிரி இழுத்துக்கொண்டு போகிறான். நான் ஜரீனாவைப் பார்த்தேன்.

"எங்க ஊட்ல அந்தப் பாட்டு இதாண்ணே," என்றாள் என் காதருகே வந்து. "பேரப்புள்ளைங்க எல்லாம் இதக் கேட்டுத்தான் தூங்கிச்சிங்கோ. கேசட்டுல வேற மாதிரி கீதுன்னு இப்பதான் எனக்கே தெரியுது."

கேட்காத பாட்டுக்கெல்லாம் அட்டையைப் படித்துப் படித்து அவனே மெட்டுப் போட்டிருக்கிறான். அதுதான் நிஜப் பாட்டு என்று இத்தனை வருஷமாக நம்பியிருக்கிறான்.

பாடி முடித்ததும் கண்ணைத் திறந்தான். "படிக்கசொல்லோ தானா வந்துச்சி மாமே. கரெக்டா கீதா?"

அவன் முகத்துக்கு நேராக நின்று, நன்றாகத் தெரியும்படி தலையாட்டினேன்.

"அப்போ நான் ஒண்ணியும் உட்டுடல," என்றான். அவ்வளவு நிம்மதி அவன் முகத்தில். நான் குனிந்து கேசட்டை நிறுத்தினேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

கேசட்டுகளை அவனிடமே விட்டுவிட்டு வந்தேன். ஓ.டி.யில் அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். எங்கள் ஷெட் இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. அதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. சேர்ந்து உட்கார்ந்து கேட்பதற்கென்று நானும் காதரும் ஒதுக்கி வைத்திருந்த காலம் வந்துவிட்டது. வேண்டிய நேரம் இருக்கிறது. இரண்டு பேரில் ஒருவனுக்கும் காதுதான் இல்லை.