மறு பாதிக்குக் காத்திருந்தேன்

கேட்டதைக் கேட்டபடியே ஆண்டவர் கொடுத்தார் என்று சொல்ல நான் வரவில்லை. என் அம்மா ஆரோக்கியமேரி எழுந்து நடக்கவில்லை. வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பங்குக் கோவில் கல்லறையில் இப்போது கிடக்கிறாள். அழுதுகொண்டேதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் இது சாட்சிதான். முழுவதையும் வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

போன வருஷம் ஆடி மாதம், விடாத மழை. கட்டன் காப்பி போட அடுப்படிக்குப் போன அம்மா அங்கேயே சரிந்துவிட்டாள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போனது. என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆட்களை ஏற்றி இறக்கும் ஜீப்பிலேயே அவளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மலையாளி டாக்டர், நல்ல மனுஷன். மறைத்துப் பேசவில்லை. "உயிருக்கு இப்ப பயமில்ல சேச்சி. ஆனா பேச்சு திரும்ப வர்றது பிரயாசம்" என்றார்.

என் அம்மாவுக்குப் பேச்சு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற பெண்கள் செடியின் அடியில் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். செடி தலைக்கு மேல் நிற்கும். பக்கத்து வரிசையில் இருப்பவள்கூடக் கண்ணுக்குத் தெரியமாட்டாள். அந்த மூடுபனிக்குள் அம்மா "அருள் நிறைந்த மரியாயே" என்று, செபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் சொல்கிற செபத்தின் முதல் பாதியைச் சொல்வாள். எங்கெங்கோ இருந்து பெண்கள் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று மறு பாதியைச் சொல்வார்கள். பதில் வராமல் அடுத்த மணிக்குப் போகவே மாட்டாள். "ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீய? சொல்லுங்கட்டி!" என்று சத்தம் போடுவாள். தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், எங்களுக்கு அடுத்த வீட்டு முத்துலட்சுமி அக்கா மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அவளுக்குக்கூட அந்த மறு பாதி மனப்பாடம்.

வீட்டிலும் அதே சட்டம்தான். சின்ன வயதில் சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று நான் இரண்டையும் சேர்த்து ஓட்டினால் தலையில் நறுக்கென்று குட்டு விழும். "ரெண்டையும் நீயே சொல்லிட்டா நாங்க எதுக்குட்டி? ஒம் பாதியச் சொல்லிட்டுச் சும்மா இரு. வரும்" என்பாள்.

என் மகள் ஆன்சி அம்மா கையில் வளர்ந்தவள். குவைத்தில் நர்ஸ். லீவு கிடைக்கவில்லை. போன் செய்யும்போதெல்லாம் அழுவாள். "அம்மா, அம்மாச்சி சத்தத்த ஒரே ஒரு தடவ கேட்டாப் போதும்மா." அம்மா போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாய் கோணும். கண்ணீர் வழியும். சத்தம் வராது.

நான் மாதா சுரூபத்தின் முன்னால் நின்று சண்டை போட்டேன். "எத்தன லட்சம் தடவ ஒம் பேரச் சொன்ன வாயி அது! அதப் போயி பூட்டிட்டியே, ஒனக்குக் கண்ணில்லையா?" என்று கத்தினேன். நடக்க வை என்று கேட்பதை விட்டுவிட்டேன். ஒரு வார்த்தை கொடு, என் பிள்ளை கேட்கட்டும். இது ஒன்றைத்தான் கேட்டேன்.

வீட்டுக்காரர் வர இருட்டிவிடும். அதனால் சாயங்காலம் நானும் அம்மாவும் மட்டும்தான். அவளுடைய இடது கையில் மணிமாலையைச் சுற்றிவிட்டு, இரண்டு பாதியையும் நானே சொல்லி முடிப்பேன். பேச முடியாதவளைக் காத்திருந்து வேதனைப்படுத்துவானேன் என்ற எண்ணம்தான்.

அக்டோபர், செபமாலை மாதம் பிறந்தது. ஒரு நாள் நான் முதல் பாதியை முடிக்கவும் அடுப்பில் கஞ்சி பொங்கி வழியவும் சரியாக இருந்தது. எழுந்து ஓடினேன். பானையை இறக்கும்போது அறையிலிருந்து குரல் கேட்டது. "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..."

முத்துலட்சுமி அக்கா வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அம்மா மட்டும்தான் இருந்தாள். ஒரே குழறல். ஆனால் ஆமென் வரைக்கும் சொன்னாள். ஐயோ, என் தாயே! கரண்டியும் கையுமாக அப்படியே முழந்தாளிட்டேன்.

"எம் பேரச் சொல்லும்மா" என்று கெஞ்சினேன். வரவில்லை. தண்ணீர் என்றுகூட வரவில்லை. மறுபடியும் முதல் பாதியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மறு பாதி வந்தது. பேச்சு போன சிலருக்குப் பழகின செபமும் பாட்டும் தங்கிவிடும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். இருக்கட்டும். தங்க வைத்தது யார்?

அன்றைக்கே ஆன்சியை வீடியோவில் கூப்பிட்டேன். "முதல் பாதியச் சொல்லுட்டி. சொல்லிட்டுச் சும்மா இரு" என்றேன். சொன்னாள். அம்மாச்சியின் குரல் வந்தது. பிள்ளை அங்கே டியூட்டி உடுப்போடு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

கிறிஸ்துமஸ் வரைக்கும் அந்தக் குரல் எங்களுக்குக் கிடைத்தது. அதன் பிறகு இன்னொரு தடவை வாதம் அடித்தது. பங்குக் கோவில் அச்சன் வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் லயத்துப் பெண்கள் வாசலில் கூடி நின்றார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் பாதியைச் சொன்னேன். காத்திருந்தேன். மூச்சு மட்டும் வந்தது. மறுபடி சொன்னேன். காத்திருந்தேன். மூச்சும் நின்றுவிட்டது.

நானே சொல்லி முடிக்க வாயெடுத்தேன். அம்மாவின் குட்டு நினைவுக்கு வந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்போது வாசலிலிருந்து முத்துலட்சுமி அக்கா சொன்னாள். "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்." எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

அடக்கத்துக்கு ஆன்சியால் வர முடியவில்லை. போனில்தான் பார்த்தாள். "அம்மாச்சி சத்தம் எங்கிட்ட இருக்கும்மா" என்று எனக்கு அவள் ஆறுதல் சொன்னாள்.

அம்மாவின் கட்டிலை எடுத்துப் போட இன்னும் மனசு வரவில்லை. ஆனால் ஆண்டவரிடம் இப்போது நான் சண்டைக்கு நிற்பதில்லை, அவசரப்படுத்துவதும் இல்லை. என் பாதியைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறேன். சில நாள் குவைத்திலிருந்து பதில் வருகிறது. சில நாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து முத்துலட்சுமி அக்கா குரல் வருகிறது. செபமாலைப் பக்கமே வராத என் வீட்டுக்காரர்கூட ஜீப் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே சொல்கிறார். ஒருவரும் சொல்லாத நாளும் உண்டு. அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கட்டில் இருக்கலாம். நம்பி உங்கள் பாதியைச் சொல்லுங்கள். பதில் வரவில்லையே என்று பதறி, மறு பாதியையும் நீங்களே சொல்லி முடித்துவிடாதீர்கள்.