‘ஓம்’ என்று பதிந்த இடங்கள்

“ஓமெண்டால் ஓம் இல்லையடி.” காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் அவள் சொன்ன முதல் வசனம் இது. வெள்ளவத்தையில் என் அறையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். கொட்டாஞ்சேனையில் தன் வீட்டிலிருந்து இந்த நேரத்தில் புதிர் போடுகிறாளே என்று சிரிப்புத்தான் வந்தது.

அவள் என் ஆய்வுத் தோழி. டெங்குக் காய்ச்சல் பற்றிய ஆய்வுக்காக இருவரும் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஏறி இறங்கி, தண்ணீர்த் தொட்டியைக் கிழமைக்கு ஒருமுறை கழுவுகிறார்களா என்று வீடு வீடாக விசாரித்தோம். அவள் கேட்டு எழுதுவாள். அந்தப் பதில்களை ஆம், இல்லை என்று பிரித்துக் கணினியில் பதிந்தவள் நான். கட்டுரை ஓர் ஆய்விதழில் வெளிவந்துவிட்டது. அதை நம்பித்தான் நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருந்தது.

அந்த நேரம் பார்த்து, பதில் சொன்னவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு எங்கள் தரவுகளை யாரும் பார்க்கும்படி இணையத்தில் போடப் போவதாகப் புறப்பட்டாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எனக்கு அது வேலையற்ற வேலையாகவே பட்டது. போடுமுன் பதில்களை வரிவரியாகப் படித்தபோதுதான் கண்டிருக்கிறாள். “ஓம் ஓம், சொல்லுங்கோ.” “ஓம் பிள்ளை, கழுவத்தான் வேணும்.” எங்கள் பேச்சில் ஓம் என்றால் ஆம்தான். ஆனால் இது எங்கள் ஆட்கள் கதை கேட்கும்போது ‘உம்’ கொட்டுவதுபோலப் போடுகிற ஓம். அதையெல்லாம் நான் ஆம் என்று பதிந்திருந்தேன். நாள் முழுக்க அந்த ஓமைப் போடுகிறவள்தான் நானும். அவசரத்தில் கவனிக்கவில்லை.

“இப்ப போடாதை. இன்டர்வியூ முடியட்டும்” என்று கெஞ்சினேன்.

“முடிஞ்சாப் பிறகு போட்டால், அது ஒளிச்சு வச்சதெல்லோ” என்றாள். குரலில் கோபமே இல்லை.

அன்றே அந்த ஆய்விதழுக்கு எழுதினாள். கோப்பில் என் பிழையான பதிவுகளை அழிக்கவில்லை. பக்கத்திலேயே திருத்திய பதிவுகளை வைத்து, ஏன் மாற்றினோம் என்று ஒரு குறிப்பும் சேர்த்தாள். பெரும்பாலான வீடுகளில் தொட்டி கழுவுகிறார்கள் என்ற கட்டுரையின் முடிவு தலைகீழானது. பதவி வேறொருவருக்குப் போனது. அடுத்த கிழமையே அதே படிகளில், கேள்வியை மாற்றிக்கொண்டு ஏறினாள். “கடைசியா எப்ப கழுவினனீங்கள்?” நான் பின்னால் நடந்தேன். இப்படியும் ஒரு மனுஷியா என்ற பிரமிப்பு எனக்கு இன்றுவரை குறையவில்லை.

இப்போது நான் தனியாகச் செய்த முதல் ஆய்வு முடிந்திருக்கிறது. தரவை வெளியிட வேண்டும். எப்படித் தொடங்குவதென்று பார்க்க அவளுடைய கோப்பைத் திறந்தேன். ‘பதில்களை நாங்கள் பிழையாகப் பதிந்தோம்’ என்றிருந்தது அந்தக் குறிப்பு. நேர்முகப் பரீட்சையிலும், பதிந்தது யார் என்று கேட்டதற்கு, நாங்கள் என்றுதான் சொன்னாளாம்.

‘நாங்கள்’ என்பதை அழித்துவிட்டு என் பெயரைப் போடச் சொல்லி அவளுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. “அழிக்கிறேல்லை. விருப்பமெண்டால் கீழ எழுது.”

எழுதினேன். ‘பிழையாகப் பதிந்தவள் நான்’ என்று, கீழே என் பெயரோடு. என் பெயரில் நான் வெளியிட்ட முதல் தரவு அந்த ஒரு வரிதான்.