ஒரு வாசலுக்கு இரண்டு மஞ்சக் கடுதாசி

சூலூர்ப் பக்கம் கீரைக்கார முத்தாத்தாள் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஸ்டேக்கார முத்தாத்தாள் என்றால் பஸ் கண்டக்டர்கூட வழி சொல்லுவார். இருபது வருஷம் கீரை விற்றவளுக்கு அந்தப் பேர் நிலைக்கவில்லை. ஒரே ஒரு கேஸ் போட்டாள், இந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை யார் மூடுவது?

ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு, ஒரு எருமை. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை என்று விடியற்காலையில் கட்டி, முதல் பஸ்ஸில் கொண்டுபோய் சூலூர் பஸ் ஸ்டாண்டில் உட்காருவாள். அவள் கட்டு மற்றவர்கள் கட்டைவிட ஒரு பிடி பெரிது. அதற்கு மேல் பேரம் பேசினால் மட்டும் ஆகாது. “வேண்டாம்னா வெச்சுப்போட்டுப் போங்க” என்பாள். கோபத்திலும் அந்த ‘ங்க’ மட்டும் விடமாட்டாள்.

அவள் காட்டுக்கு மேற்கே திருமூர்த்தி ஒரு சலவைப்பட்டறை போட்டார். திருப்பூர் பனியன் துணியை வெளுத்துக் கொடுக்கிற பட்டறை. வெளுத்த தண்ணீரை ஓடையில் திறந்துவிட்டார். ஓடை முத்தாத்தாளின் கிணற்றை ஒட்டித்தான் போகிறது. ஆறே மாதத்தில் கிணற்றுத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை வந்தது. கீரையின் நுனி கருகியது. வாங்கினவர்கள் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுக் கட்டைத் திரும்ப வைத்தார்கள்.

மூன்று தடவை பட்டறைக்கு நடந்தாள். “பாத்துக்கலாம் அம்மணி” என்று மூன்று தடவையும் திருமூர்த்தி சிரித்தார். நாலாவது தடவை அவள் கோயமுத்தூருக்குப் போய் வக்கீல் நாகூர் மீரானைப் பார்த்தாள். வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. 92-ல் தீர்ப்பு வந்தது. பட்டறைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட ஓடையில் விழக்கூடாது, நிரந்தரத் தடை, ஊர் வாயில் ஸ்டே. கூடவே வழக்குச் செலவு ஆயிரத்து எண்ணூற்று நாற்பதைத் திருமூர்த்தி முத்தாத்தாளுக்குக் கட்ட வேண்டும். செலவை அவர் கட்டவில்லை. தடையை மட்டும் மதித்தார், அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. குழி வெட்டித் தண்ணீரைத் தேக்கி லாரியில் ஏற்றி அனுப்பினார். இரண்டு மழை கழிந்ததும் கிணறு தெளிந்தது. முத்தாத்தாள் முதல் வாளியை இறைத்துக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்த இரண்டு வருஷமும் அவளோடு கோர்ட்டுக்கு அலைந்தவர் புருஷன் நஞ்சுண்டன். வாயில்லாத மனுஷன். வேலை பார்த்த மில் மூடினபோது செட்டில்மென்டாகக் கிடைத்த நாற்பதாயிரத்தை பாங்கில் போட்டிருப்பதாகச் சொல்லி, மாசம் பிறந்தால் எண்ணூறு ரூபாயைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார். அந்த எண்ணூறில்தான் வக்கீல் ஃபீஸும் பஸ் காசும் ஓடின. எந்த பாங்குக்காரன் நாற்பதாயிரத்துக்கு மாசம் எண்ணூறு தருகிறான் என்று அவள் கேட்டிருக்கலாம். கட்டினவரை நம்பினவள், கேட்கவில்லை.

96-ல் ஒரு வெளிநாட்டு ஆர்டர் சரக்கு மொத்தமாகத் திரும்பி வந்தது. திருமூர்த்தி ஐ.பி. போட்டுவிட்டார். என்னால் கட்ட முடியவில்லை, இருப்பதை விற்றுப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டில் கையை விரிப்பதுதான் ஐ.பி. போட்டவுடன் கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வரும். அதற்கு எங்கள் பக்கம் மஞ்சக் கடுதாசி என்று பேர்.

கோர்ட்டு ஆள் பாக்கியசாமி சைக்கிளில் வந்து இறங்கினார்.

“அம்மணி, உங்க ஊட்டுக்கு ரெண்டு இருக்குதுங்க.”

“எனக்குத்தான் செலவுப் பணம் வரோணும். இன்னொண்ணு ஆருக்குங்க?”

“பதினேழாம் நம்பர், நஞ்சுண்டன். நாப்பதாயிரம், புரோநோட்டு.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. பாங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு வட்டிக்கு ஆசைப்பட்டு செட்டில்மென்ட் பணத்தை அத்தனையும் திருமூர்த்தியிடமே கொடுத்து வைத்திருக்கிறார் மனுஷன். வாய்தா நாளில் அவளோடு கோர்ட்டு வராந்தாவில் நிற்பார். ஐந்தாம் தேதி ஆனால் பட்டறையின் பின்வாசலில் போய் வட்டி வாங்குவார். பட்டறைமேல் அவள் நடத்தின வழக்குக்குப் பட்டறைக்காசே ஃபீஸாகப் போயிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்தால் எங்கே போய்ச் சொல்வது?

அன்றைக்குப் பேச்சை நிறுத்தினவள்தான். சோறு வைப்பாள், மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். சொல்ல வேண்டியதையெல்லாம் எருமையிடம் சொல்வாள். “ரேசன் கடையில சர்க்கரை போடறாங்களாமா. போறவங்க போலாம்” என்று எருமை முதுகைத் தட்டிச் சொன்னால், நஞ்சுண்டன் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனாள். அவளுக்கு ஒரே பயம்தான்.

“பட்டறைய வேற ஆராவது வாங்குனா, என்ற ஸ்டேயும் ஐ.பி.யில கரைஞ்சு போயிருமுங்களா?”

நாகூர் மீரான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க செலவுப் பணம் கடன். அது வரிசையில நிக்கணும், ரூபாய்க்கு இத்தனை பைசான்னுதான் வரும். தடையுத்தரவு கடன் இல்லம்மா. தண்ணி விடாதேன்னு கோர்ட்டு சொன்ன சொல் அது. ஐ.பி. கடனைத்தான் கரைக்கும், அதைக் கரைக்காது. சொத்தை வித்துப் பங்கு போட கோர்ட்டு நியமிச்ச ரிசீவர் நேர்மையான மனுஷன். பட்டறையை விக்கிற விளம்பரத்திலயே, இந்த உத்தரவு இருக்குன்னு போடப்போறார். தெரிஞ்சு வாங்கினவன் அப்புறம் தெரியாதுன்னு சொன்னா, நான் சும்மா விடமாட்டேன். நீங்களா எழுதிக் கொடுத்தாத்தான் அது போகும். யார் கேட்டாலும் கையெழுத்துப் போட்டுராதீங்க.”

கேட்கத்தான் கேட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, திருமூர்த்திக்குக் கடன் கொடுத்தவர்கள் இருபது பேர் வாசலில் நின்றார்கள். பட்டறையை வாங்க இரண்டு பேர் வந்திருந்தார்களாம். மறுபடி சலவை போட நினைத்தவர் நல்ல விலை சொன்னார், ஸ்டேயை எடுத்தால்தான் என்றார். இன்னொருவருக்குப் பஞ்சு வைக்க குடோன் வேண்டும், அவர் விலை குறைவு. முதல் ஆளுக்கு விற்றால், பாங்குக் கடன் போக ரூபாய்க்கு முப்பது பைசா தேறும். குடோன்காரருக்கு விற்றால் இருபதுதான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று ஒருவர் ஆரம்பித்தார். உன் ஸ்டேயால்தான் திருமூர்த்தியே நொடித்தார் என்று இன்னொருவர் பின்னாலிருந்து குத்தினார். முத்தாத்தாள் இருவருக்கும் பதில் கொடுத்தாள், நன்றாகவே கொடுத்தாள்.

மாசாணத்திடம் மட்டும் அந்தக் காரம் வரவில்லை. ஆறு வருஷம் அந்தப் பட்டறையில் துணி அலசினவள், மிச்சம் பிடித்த எட்டாயிரத்தை முதலாளியிடமே போட்டு வைத்திருந்தாள். பவுடர் தண்ணீரில் விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது.

“அக்கா, எண்ணூறு ரூபா வித்தியாசமாமா எனக்கு. அது ரெண்டு மாசச் சோறுக்கா.”

“தெரியுது கண்ணு. ஆனா அந்தக் கெணறு போச்சுன்னா எனக்கு எந்த மாசமும் சோறு இல்லையே.”

மாசாணம் எழுந்து போய்விட்டாள். முத்தாத்தாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நாம் பாவியோ என்று நினைத்துக்கொண்டாள். கீரைப் பாத்திக்குள் போய் நின்று, இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நஞ்சுண்டன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விட்டுக்கொடு என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கும் நாலாயிரம் ரூபாய் வித்தியாசம்தான். கேட்கிற முகம் அவருக்கு இல்லை.

கடுதாசி வந்து ஐந்து மாதம் ஆனபிறகு, ரிசீவர் எல்லோரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். காலை பஸ்ஸில் முத்தாத்தாள் தனக்கு மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். நஞ்சுண்டன் பின்னால் நின்று தன் டிக்கெட்டைத் தானே வாங்கினார்.

ரிசீவர் முதலில் அவளைக் கூப்பிட்டார். “கட்டாயம் ஒண்ணும் இல்லம்மா. தடையை விட்டுக்கொடுக்கச் சம்மதமா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.”

நாற்பத்துமூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாசாணம் கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

“இல்லீங்க,” என்றாள் முத்தாத்தாள்.

முணுமுணுப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு ரிசீவர், யாருக்கு எவ்வளவு வரவேண்டும் என்று ஒவ்வொருவர் கிளைமாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். பதினேழாம் நம்பர் வந்தது. நஞ்சுண்டன் எழுந்தார். மடிப்பில் கிழிந்துபோன புரோநோட்டை மேஜைமேல் வைத்தார்.

“என்ற கிளைம எடுத்துருங்க சார். எனக்கு வேண்டாங்க. என்ற பங்கையும் மத்தவங்களுக்கே பிரிச்சுருங்க.”

“பெரியவரே, யோசிச்சுச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்டா அவ்வளவுதான். எட்டாயிரம் வரும் உங்களுக்கு.”

“அஞ்சு மாசமா யோசிச்சேனுங்க. முன்வாசல்ல என்ற சம்சாரம் கேஸ் நடத்துனா. நான் பின்வாசல்ல வட்டி வாங்குனேன். அந்தப் பணத்தை இனி கையில தொடறதுக்கு மனசு வரலீங்க.”

கையெழுத்துப் போட்டார். மற்றவர்களுக்கு ரூபாய்க்கு இருபது பைசா இருபத்திரண்டு ஆயிற்று. மாசாணத்துக்கு நூற்றைம்பது, நூற்றறுபது ரூபாய் கூட வரும், அவ்வளவுதான். ரிசீவர் முத்தாத்தாளைப் பார்த்து, “உங்க செலவுப் பணத்தையும் விடறீங்களாம்மா?” என்றார்.

“அது இருக்கட்டுங்க. கோர்ட்டு எனக்குக் குடுத்தது,” என்றாள் அவள்.

வெளியே வந்தபோது மாசாணம் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அதை முத்தாத்தாள் தப்பாக எடுக்கவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நாமும் அப்படித்தான் போயிருப்போம் என்று நினைத்தாள்.

சாயங்கால பஸ்ஸில் கூட்டம். முத்தாத்தாளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நஞ்சுண்டன் அவள் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சட்டைப் பையில் சில்லறை தேடினார். கண்டக்டர் வந்தார்.

“சூலூர் ரெண்டு,” என்றாள் முத்தாத்தாள்.

டிக்கெட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எட்டாயிரத்தை உட்டுப்போட்டு வந்திருக்கறீங்களே, கூறு இருக்குதுங்களா உங்களுக்கு?”

ஐந்து மாதத்துக்கு அப்புறம் அவரிடம் அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். நஞ்சுண்டன் கம்பியை விடாமல், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.