பெரியப்பா கட்ட வைத்த கட்டு

முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் கலந்து காய்ந்த வீச்சம் எங்காவது அடித்தால், இன்றைக்கும் என் வலது தொடை தானாக இறுகிக்கொள்கிறது. ஏழு வயதில், மரக்காணத்தில் உப்பு மூட்டை ஏற்றிய லாரியின் மேலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, பத்து நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தேன். பிழைத்தவளுக்கு வலது கால் மட்டும் விறைத்து, குதிகால் தரையில் படாமல், நுனிவிரலை ஊன்றி நடக்கும்படி ஆகிவிட்டது. ஊர் அதற்குக் 'கொக்குக் கால்' என்று பெயர் வைத்தது. ஊருக்கு வேறென்ன தெரியும்.

எங்கள் பெரியப்பா உப்பளத்தில் மேஸ்திரி. கூலியாட்களை அதட்டிப் பழகியதால், தனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமில்லை என்று நம்பியவர். நரம்பு சுருண்டிருக்கிறது, இழுத்துக் கட்டினால் நேராகும் என்று அவரே தீர்ப்புச் சொல்லி, ரோட்டோரம் கொட்டகை போட்டிருந்த ஒரு கட்டு வைத்தியரிடம் என்னைத் தூக்கிப் போனார். அண்ணன் பேச்சை மீறத் தெரியாத அப்பா தலையாட்டினார். வைத்தியர் முழங்காலை அமுக்க, பெரியப்பா பாதத்தைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்கக் கால் இன்னும் விறைத்தது. பிறகு தொடையில் ஒரு சத்தம்.

"பாத்தியா, நரம்பு பிரிஞ்சிடுச்சி" என்றார் பெரியப்பா.

பிரிந்தது நரம்பல்ல, முறிந்தது தொடையெலும்பு. அதன்மேலேயே மாவைப் பூசி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டி அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் அம்மா யாரையும் கேட்காமல் என்னை ஒரு டெம்போவில் படுக்கவைத்துப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கட்டைப் பிரித்த எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்து, தொடையெலும்பு முறிந்த இடத்தை அம்மாவுக்குக் காட்டினார்.

"மொதல்ல இருந்த கோளாறு கால்ல இல்லம்மா. தலையில அடிபட்டதால தசை தானா இறுகுது. வெடுக்குனு இழுத்தா இன்னும் இறுகும். மெதுவாத்தான் இளக்கணும்."

எலும்பு கூடிய பிறகு, வாராவாரம் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி மாவுக்கட்டு மாற்றினார்கள். அதிலும் தீராமல், குதிகாலின் பின்னுள்ள தசைநாரை நீட்டி ஆபரேஷன் செய்தார்கள். பிறகு ஷூவுக்குள் பிளாஸ்டிக் பட்டை, தினமும் அழ அழப் பயிற்சி. பத்து வயதில் குதிகால் பதிந்து நின்றபோது, அம்மா குனிந்து பாதத்துக்கும் தரைக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

போன வருடம் என் கல்யாணத்தில் பெரியப்பா மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்து, தான் அன்றைக்குக் கட்டு கட்டவைக்காவிட்டால் இந்தப் பெண் நடந்தே இருக்காது என்று கதை அளந்தார். அவர் எதிரில் வாய் திறந்தறியாத அம்மா, கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"நீங்க நடக்க வெக்கல மாமா. கால ஒடிச்சீங்க."

வயதானவனிடம் பேசுகிற பேச்சா என்று முனகிக்கொண்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். அவ்வளவுதான் அவருடைய வருத்தம்.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்கள். 'கைராசிக்காரரு' போய்விட்டாரே என்று அங்கலாய்க்கும் உறவுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். லேசாகச் சாய்ந்த நடையோடு தினமும் பஸ் ஏறி அந்த இடத்தைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன். திரும்பிப் பார்க்கும் மரியாதையைக்கூட அதற்கு நான் கொடுத்ததில்லை.