பேர் வெட்டப்பட்டவர்களின் தையல் அறை

லிந்துலைப் பக்கம் ஒரு மாதா கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான அறை ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் அதில் சுவாமியார் குதிரை கட்டினாராம். பிறகு விறகு கிடந்தது. ஐம்பத்து நாலாம் வருஷம் பெரிய மழை ஓய்ந்ததும் சிசிலி அதைக் கேட்டு வாங்கினாள். விறகை வெளியே அள்ளிப்போட்டு, தரையை மெழுகி, கன்னியர் மடத்தில் கழித்துவிட்ட தையல் மெஷின்கள் மூன்றைக் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டப்பட்டவர்களுக்குத் தையல் பழக்கி, டவுனில் வேலை தேடிக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். கேட்டவர்கள் அவள் காலைப் பார்த்தார்கள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

தோட்டத்தில் ஒருவருக்குப் பேர் பதிந்தால்தான் வேலை, அரிசி, லயத்து வரிசை வீடுகளில் தலை சாய்க்க ஒரு காம்பரா, ஒற்றை அறை. பேரை வெட்டிவிட்டால் ஆள் இருந்தும் இல்லாத மாதிரிதான். சிசிலிக்கோ பேர் பதியவே இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போயிற்று. கூடையை மாட்டிக்கொண்டு மலையேற முடியாத பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தகப்பன் பத்திநாதன் தவித்தார். அவரும் தோட்டத்தில் முள்ளுக் குத்தி மண் கிளறியவர்தான். கடைசியில் நுவரெலியாவில் கன்னியர் மடத்துக் கதவைத் தட்டினார். சிஸ்டர்மார் பிள்ளையை ஏற்றுக்கொண்டு எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒற்றைக் காலால் மிதித்தே மெஷின் ஓட்ட அவள் பழகினாள். அந்தத் தையல் மட்டும் கைக்கு வராமல் போயிருந்தால் தன் கதி என்ன ஆகியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அறையைத் திறந்ததற்குக் காரணம் கேட்டவர்களிடம் இதைச் சொல்லமாட்டாள். சும்மா சிரித்துவிடுவாள்.

தையல் சொல்லிக்கொடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, கடை கடையாக ஏறி இறங்குவது. பழகின பெண்ணைக் கூட்டிக்கொண்டு, அவள் தைத்த பாவாடையை எடுத்துக்கொண்டு அட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று அலைவாள். ஒருத்தி அட்டனில் ஒரு துணிக்கடையில் ஓரம் அடிக்கச் சேர்ந்தாள். இன்னொருத்திக்கு ஒரு பங்களாவில் திரைச்சீலை தைக்கிற வேலை கிடைத்தது. பலருக்கு ஒன்றுமே அமையவில்லை. நன்றாகத் தைக்கப் பழகிக்கொண்டு, மறுபடியும் போய் லயத்தில் உட்கார்ந்தார்கள். கோயில் திருநாளில் அவர்களைக் கண்டால் சிசிலி சுகம் விசாரித்துவிட்டுச் சீக்கிரமாக நகர்ந்துவிடுவாள்.

மூக்கன் வந்தது ஐம்பத்தேழில். பக்கத்துத் தோட்டத்து இஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து அரைக்கிற ரோலரில் நின்றவர். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. ஒரு நாள் ரோலர் அவர் வலது கையை இழுத்துக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்குக் கொஞ்ச காலம் இஸ்டோர் வாசல் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள். புதுத் துரை வந்ததும் அதுவும் போயிற்று, பேரை வெட்டிவிட்டார்கள். யூனியனில் பேசினார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள். பெண்சாதி நாகலெட்சுமி கொழுந்தெடுத்தாள். அவள் பேரில்தான் காம்பரா நின்றது.

அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனை முன்னால் நடக்கவிட்டுப் பின்னாலேயே வந்து, அறை வாசலில் நிறுத்தினாள். மாரியம்மன் கும்பிடுகிறவர்கள், மாதா கோயில் வளவுக்குள் வரலாமோ என்னவோ என்று கால்களைச் சாக்கில் துடைத்துக்கொண்டே நின்றார்கள்.

“வீட்டுக்குள்ளயே செவுத்தப் பாத்து உக்காந்திருக்காருங்க, டீச்சரம்மா. ஏதாச்சும் ஒரு வேல பழக்கிவிடுங்க. இப்பிடியே போனா எனக்கு இவரு மிஞ்ச மாட்டாரு,” என்றாள் நாகலெட்சுமி.

சிசிலி சரி என்று சொல்லிவிட்டாள். ஆனால் அந்தக் கைக்கு எப்படித் தையல் பழக்குவது என்று எந்தச் சிஸ்டரும் அவளுக்குச் சொல்லித்தந்ததில்லை. எல்லோரும் போன பிறகு, தன் வலது கையின் நடுவிரல்கள் மூன்றையும் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்து பார்த்தாள். துணி வழுக்கி வழுக்கிப் போயிற்று. மணிக்கட்டால் அழுத்திப் பிடித்து, இடது கையால் துணியைத் திருப்பினால் கொஞ்சம் வந்தது. மறுநாள் மூக்கனுக்கு அதைத்தான் காட்டினாள். அவர் ஓட்டிய தையல் மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. அறையிலிருந்த பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மூக்கன் எழுந்து, துணியை மடித்து வைத்துவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை.

சிசிலி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு தூறல் நாளில் அவர் லயத்துக்குப் போனாள். வழுக்குப் பாதையில் சூம்பின காலை இழுத்துக்கொண்டு ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு முட்டிற்று. மூக்கன் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க வராட்டி அந்த மெஷின் சும்மாதாண்ணே கெடக்குது,” என்றாள்.

“என் கையுந்தான் சும்மா கெடக்கு. ரெண்டும் அப்பிடியே கெடந்துட்டுப் போகட்டுமே, டீச்சரம்மா.”

சிசிலி விறகுக் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால் கால் மரத்து எழ முடியவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்த நாகலெட்சுமி, ஈரக் கம்பளியோடு அவளைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். மூக்கன் எழுந்து, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கீழே தார் ரோட்டு வரைக்கும் சிசிலிக்கு முன்னால் நடந்தார். வழுக்கிற இடம் வந்தால் நின்று, நல்ல கையை நீட்டினார். திங்கட்கிழமை அறைக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தார்.

தையல் நேராக ஓட ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதற்குப் பிறகு சிசிலி அவரைக் கூட்டிக்கொண்டு கடை ஏறினாள். தையலைப் பார்த்துத் தலையாட்டியவர்கள் கையைப் பார்த்ததும் இப்போது ஆள் தேவையில்லை என்றார்கள். ஒரு கடைக்காரர் மூக்கனுக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மூக்கன் கையை வேட்டி மடிப்புக்குள் ஒளித்து வைக்கப் பழகிக்கொண்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம், இவரை ஏன் வீட்டை விட்டு வெளியே இழுத்து வந்தோம் என்று சிசிலிக்குத் தோன்றும்.

கடைசியில் தலவாக்கலையில் முத்துலிங்கம் என்ற தையற்காரர் ஏற்றுக்கொண்டார். இராமநாதபுரத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். அவர் முதலில் தையலைப் பார்த்தார், பிறகுதான் கையை.

“கையக் கண்டா யாரும் துணி குடுக்க யோசிப்பாங்க. ஆளு உள்ள உக்காந்து தைக்கட்டும்,” என்றார்.

உள்ளே என்றால் திரைக்குப் பின்னால். சிசிலிக்கு மனசு சுருங்கிற்று. மூக்கன் உடனே தலையாட்டிவிட்டார். பள்ளிக்கூடச் சட்டைகள், கால்சட்டைகள் என்று ஐந்து வருஷம் அந்தத் திரைக்குப் பின்னால் தைத்தார். சாயந்தரம் லயத்துக்குத் திரும்பும்போது, அளவு எடுக்கிற நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக் களத்து வழியாக வருவாராம். அளவெடுக்கிற வேலை அவருக்குக் கிடையாது. “வேணும்னேதான் போட்டுக்கிட்டு வாராரு,” என்று நாகலெட்சுமி ஒரு நாள் சிசிலியிடம் சொல்லிச் சிரித்தாள். அறையைத் திறந்ததில் சிசிலிக்கு நிறைவு தந்த காலம் அதுதான்.

அறுபத்து நாலு தொடக்கத்தில் முத்துலிங்கத்துக்கு இந்த நாட்டில் இருக்கிற அனுமதி முடிந்தது. நீட்டிக்கொடுக்க மாட்டோம் என்றார்கள். அவர் மெஷின்களை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார். கடை இருந்த இடத்தில் எண்ணெய் வியாபாரம் வந்தது. மூக்கன் மறுபடியும் அடுப்படிக்கு வந்தார்.

அப்போது டவுனில் அரசாங்க உதவியோடு புதிதாக ஒரு தையற்சாலை திறந்திருந்தார்கள். சிசிலி மூக்கனைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கிருந்த சிங்கள அதிகாரி மரியாதையான மனிதர். அவளை உட்காரச் சொன்னார். மூக்கன் தைப்பதை நின்று பார்த்து, நல்ல வேலை என்று அவரே சொன்னார். பிறகு பிரஜாவுரிமை இருக்கிறதா என்று கேட்டார். சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்து ஆட்களுக்கு அதை இல்லாமல் ஆக்கியிருந்தார்கள், மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். மூக்கனுக்கு இல்லை. அவர் போட்ட மனுவை, தாய் செத்ததற்கு இந்தியாவில் ஊருக்குப் போய் அங்கே தங்கிவிட்ட மாதங்களைக் காட்டியும், மற்ற வருஷங்கள் இங்கேயே இருந்ததற்கு எழுத்தில் சாட்சி இல்லை என்றும் தள்ளிவிட்டார்கள். சிசிலி சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தாள். தன் கையில் எதுவும் இல்லை நோனா என்று அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் திட்டக்கூட அவளால் முடியவில்லை. பத்திநாதன் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. இங்கேயே பிறந்து இருந்ததற்குச் சாட்சியாகக் கோயிலில் ஞானஸ்நானம் எழுதி வைத்திருந்தது ஒன்றுதான் காரணம். மாரியம்மன் கோயிலில் யார் எழுதி வைத்தார்கள்? வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கையில் இது நினைவுக்கு வந்து, மூக்கன் பக்கம் திரும்பவே அவளுக்குக் கூசிற்று.

விடவில்லை அவள். தன் மெஷின் ஒன்றை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய் மூக்கனின் காம்பராவில் வைத்தாள். லயத்து ஆட்களுக்குத் தைத்துக் கொடுத்தாவது காலம் தள்ளட்டும் என்று நினைத்தாள். மாசம் முடியவில்லை, தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கு வந்துவிட்டார். தோட்டத்துக் காம்பராவில் கடை நடத்தக்கூடாது, மெஷினை எடுக்காவிட்டால் நாகலெட்சுமி பேருக்கும் ஆபத்து என்றார். சிசிலி துரையைப் பார்க்க ஆபிஸ் வாசலில் ஒரு காலைப் பொழுது முழுக்க நின்றாள். துரை மலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மூக்கனே மெஷினைப் பிரித்து, மேசையைத் தலையில் வைத்துச் சுமந்துகொண்டுவந்து அறையில் இறக்கினார்.

அந்த வருஷக் கடைசியில் தோட்டத்து ஆட்களைப் பிரித்துக்கொள்ள இரண்டு நாட்டுப் பெரியவர்களும் ஒப்பந்தம் போட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று லயமெல்லாம் அதே பேச்சு. கொஞ்ச நாள் கழித்து மூக்கனும் நாகலெட்சுமியும் அறைக்கு வந்தார்கள். கண்டியில் இந்திய ஆபிஸுக்குப் போய், இந்தியாவுக்கே போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததாக நாகலெட்சுமி சொன்னாள். கல்யாணமான மகள் வலப்பனையில் இருந்தாள், அவள் வரமாட்டாள். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. நாகலெட்சுமி அழவில்லை. அவள் பிறந்ததே இந்த மலையில்தான். தாய் செத்த பிறகு மூக்கனின் ஊரிலும் ஆளில்லை, அங்கே எந்த ஊரில் போய் இறங்குவது என்றுதான் அவளுக்குக் கவலை.

மூக்கன் வாசற்படியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்திருந்தார். இப்போது ஒளிக்கவில்லை.

“அங்கிட்டு இந்தக் கைக்கு வேல குடுப்பாங்களா, டீச்சரம்மா?” என்று கேட்டார்.

சிசிலி அந்தக் கரையைப் பார்த்ததில்லை. இராமநாதபுரம் எங்கே இருக்கிறதென்றும் தெரியாது. முத்துலிங்கம் போனவர் போனவர்தான், ஒரு தகவலும் இல்லை.

“குடுப்பாங்கண்ணே,” என்றாள்.

அவர் அதை நம்பினாரோ என்னவோ, சரி என்று எழுந்துகொண்டார். அவர்கள் போன பிறகு, அந்த வாரம் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி காஜா எடுக்கத் தெரியவில்லை என்று சட்டைத் துணியை நீட்டினாள். அவளுக்கும் பிரஜாவுரிமை கிடையாது. சிசிலி ஊசியில் நூல் கோர்த்து, எங்கே குத்தி எங்கே எடுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். பழகின பிறகு இவளை எந்தக் கடைக்குக் கூட்டிப்போவது என்று சிசிலிக்குத் தெரியவில்லை.