செல்வாம்பாள் கீழே போடாத சீட்டு

முத்தியால்பேட்டையில் டூவீலர் ஒர்க்‌ஷாப் ஒன்றின் மாடியில் எங்கள் மன்றம் இருக்கிறது. மில்லில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வைத்தது. மில்லை மூடிவிட்டார்கள், மன்றத்தை மூட எங்களுக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்ட கையோடு படியேறி வந்து சீட்டாடுவோம். காசு வைத்து ஆடுவதில்லை. புளியங்கொட்டைதான். அந்த மேசையில் பெண்கள் யாரும் உட்கார்ந்ததே கிடையாது, செல்வாம்பாள் வரும் வரைக்கும்.

செல்வாம்பாளுக்குக் காது கேட்காது. பிறவிக் குறை இல்லை. தாவணி போட்ட வயதிலேயே மில்லுக்கு வந்தவர். நூல் சுற்றும் பிரிவில் வேலை. பக்கத்திலேயே தறிகள். அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்கு எப்படிக் கேட்கும்? உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் செல்வாம்பாள் அதில் கெட்டிக்காரர். வருஷம் போகப்போக அவருடைய காது மெல்ல அடைத்துக்கொண்டே வந்தது, உதட்டைப் படிக்கும் கண் கூர்மையாகிக்கொண்டே வந்தது. மில் மூடிய பிறகு கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இட்லிக் கடை போட்டார். தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரலே வராத நோயாளி வந்து வாயை அசைத்தாலும், “ரெண்டு இட்லி, சாம்பார் வேணாம், சட்னி மட்டும்” என்று சரியாக எடுத்து வைத்துவிடுவார். சில பேர் அங்கேயே நின்று அழுதிருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றத்துக் கூட்டத்துக்காகப் போண்டா கொண்டுவந்தவர், பாத்திரத்தைத் திரும்ப எடுத்துப்போக நின்றார். நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். போக்கர். கப்பலில் சீட்டாட்ட அறையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஹரிகிருஷ்ணன் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆட்டம் அது. ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில், யாருக்கும் காட்டக் கூடாது. ஐந்து சீட்டு நடுவில், எல்லாருக்கும் பொது. ரெண்டையும் சேர்த்து யாருக்கு நல்ல ஐந்து அமைகிறதோ அவருக்குப் பந்தயம் வைத்த புளியங்கொட்டை முழுவதும். செல்வாம்பாள் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் சாப்பாட்டு இடைவேளையில் பெண்களோடு ரம்மி ஆடியவர்தான்.

“ஒக்காருங்கக்கா, ஒரு கை ஆடிப் பாருங்க” என்றான் ஹரிகிருஷ்ணன்.

தணிகாசலத்துக்குப் பிடிக்கவில்லை. மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். இங்கேயும் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. சீட்டுக்கட்டே அவருடையதுதான், பிரான்சில் இருக்கும் மகன் அனுப்பியது. ராஜா, ராணி எல்லாம் பிரெஞ்சு எழுத்தோடு இருக்கும். “அதுக்குக் காது கேக்காதுப்பா. ஒவ்வொண்ணுத்தையும் ரெண்டு வாட்டி சொல்லணும். ஆட்டம் இன்னாத்துக்கு ஆவும்?” என்றார்.

“ஒரு வாட்டி சொன்னா போதும்ண்ணா. மொகத்தப் பாத்து சொல்லுங்க” என்று செல்வாம்பாள் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னதை, பக்கவாட்டில் தெரிந்த உதட்டை வைத்தே படித்துவிட்டார்.

நாலைந்து வாரத்தில் எங்களில் பாதிப் பேருக்கு மேல் நன்றாக ஆடினார். அப்போதுதான் அது நடந்தது.

தணிகாசலத்துக்கு ஒரு பழக்கம். கடைசியில் சீட்டைக் காட்ட வேண்டிய நேரம் வந்ததும், காட்டுவதற்கு முன்னால் உரக்கச் சொல்வார்: “ஃப்ளஷ்!” ஐந்தும் ஒரே சின்னம் என்று அர்த்தம். மேஸ்திரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்கள் எங்கள் சீட்டைக் கவிழ்த்துக் கழித்த குவியலில் போட்டுவிடுவோம். அவரும் தன்னுடையதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் புளியங்கொட்டையை வாரிக்கொள்வார். உண்மையாகவே ஃப்ளஷ்தானா என்று யாரும் பார்த்ததில்லை.

அன்றைக்குச் செல்வாம்பாளிடம் ராஜாவில் ஒரு ஜோடி, ஒன்பதில் ஒரு ஜோடி. தணிகாசலத்தின் உதடு “ஃப்ளஷ்” என்றது. அதை நம்பிச் சீட்டைக் குவியலில் கவிழ்த்துப் போட்டார். தணிகாசலம் வாரும்போது முழங்கை பட்டு, அவரே கவிழ்த்துப் போட்ட சீட்டு ரெண்டும் புரண்டுவிட்டன. ஒன்று இஸ்பேட், ஒன்று கிளாவர். ஃப்ளஷும் இல்லை ஒன்றும் இல்லை. வெறும் ஒரு ஜோடி.

செல்வாம்பாள் குவியலுக்குள் கையை நீட்டினார், தன் சீட்டை எடுக்க.

ஹரிகிருஷ்ணன் குறுக்கே கை வைத்தான். “கூடாதுக்கா. கவுத்து அங்க போட்டாச்சுன்னா அது செத்த சீட்டு. யாரா இருந்தாலும் திரும்ப எடுக்க முடியாது.”

“அவரு பொய் சொன்னாரு!”

“சொன்னது தப்புதான். ஆனா வாயில சொல்றது கணக்கு இல்லக்கா. மேசைல தெறந்து வெச்ச சீட்டுதான் கணக்கு. அதப் பாக்காம உங்க சீட்ட உட்டது நீங்கதான்.”

“கண்ணாடி போடாம வந்துட்டம்மா. கிளாவரு இஸ்பேட்டு மாதிரி தெரிஞ்சிது” என்றார் தணிகாசலம். சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

செல்வாம்பாள் அன்றைக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனபோது இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். அடுத்த ஞாயிறு எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். ஹரிகிருஷ்ணனைப் பக்கத்தில் அழைத்து, எல்லா விதியையும் முதலிலிருந்து கேட்டார். யார் முதலில் காட்ட வேண்டும்? கடைசியாகப் பந்தயம் ஏற்றியவர். தோற்றவர் காட்டியே ஆக வேண்டுமா? வேண்டாம், கவிழ்த்துப் போட்டுவிடலாம். வாயால் தப்பாகச் சொல்லிவிட்டால்? திறந்த சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான். அவன் சொல்லச் சொல்ல அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் ஆட்டமே மாறிவிட்டது. ஆட்டம் நடக்கும்போது எல்லார் முகத்தையும் பார்ப்பார். சீட்டைக் காட்டும் நேரம் வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். கண் மேசையை விட்டு நகராது. கையில் இருக்கும் ரெண்டு சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, எதிராளியின் சீட்டு திறந்து கீழே வரும்வரை அசையமாட்டார். தணிகாசலம் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் என்ன? அவருக்குக் கேட்டால்தானே. முனகிக்கொண்டே தணிகாசலம் சீட்டைத் திறந்து காட்டுவார். ஆனால் செல்வாம்பாளிடம் மட்டும்தான். எங்களிடம் பழையபடிதான், நாங்களும் பழையபடிதான்.

காணும் பொங்கல் அன்றைக்கு மன்றத்தில் போட்டி வைத்தோம். கோப்பை வாங்கிக் கொடுத்தவரே தணிகாசலம்தான். முழங்கை உயரத்துக்குப் பளபளவென்று இருந்தது. அதை மேசையில் தன் பக்கமாகவே வைத்துக்கொண்டு ஆடினார். நான் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டேன். அதனால்தான் மற்றதையெல்லாம் நின்று நன்றாகப் பார்க்க முடிந்தது. ஒவ்வொருவராக எழுந்து கடைசியில் ரெண்டு பேர் மிஞ்சினார்கள். தணிகாசலம் ஒரு பக்கம், செல்வாம்பாள் ஒரு பக்கம். ஒர்க்‌ஷாப் பையன்கள், மன்றத்துக்காரர்களின் வீட்டுப் பெண்கள் என்று படிவரைக்கும் கூட்டம். செல்வாம்பாளின் மகள் சிந்துஜாவும் வந்திருந்தாள்.

நடுவில் ஐந்து சீட்டு: இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ஏழு, இஸ்பேட் மூன்று, டைமன் ஏழு, ஆட்டின் பத்து. தணிகாசலம் தன்னிடம் இருந்த புளியங்கொட்டை முழுவதையும் நடுவே தள்ளினார். செல்வாம்பாளிடம் அதைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது. அவர் யோசித்தார். பிறகு சமமாக எண்ணித் தள்ளினார்.

பந்தயம் ஏற்றியவர் தணிகாசலம். முதலில் காட்ட வேண்டியவரும் அவரே.

செல்வாம்பாள் தலையைக் குனிந்தார். தன் சீட்டை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ள, ஓரத்தை லேசாகத் தூக்கினார். அதைக் கீழே போடப் போகிறார் என்று தணிகாசலம் நினைத்திருக்க வேண்டும். “ஃப்ளஷ்!” என்று மாடி அதிரக் கத்தினார். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று. ரெண்டு சீட்டையும் கவிழ்த்துக் குவியலில் வீசிவிட்டு, ரெண்டு கையாலும் புளியங்கொட்டையை வாரினார்.

ஹரிகிருஷ்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். “நில்லுங்கண்ணா. அக்கா இன்னும் சீட்ட உடல.”

எல்லாரும் பார்த்தோம். செல்வாம்பாளின் உள்ளங்கைக்குக் கீழே ரெண்டு சீட்டும் அப்படியே இருந்தன. தணிகாசலத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை.

தணிகாசலம் வாரிய புளியங்கொட்டையை விட்டார். “டேய், நெசமாவே ஃப்ளஷுடா! எடுத்துப் பாரு. மேலதான் கெடக்குது” என்று குவியலை நோக்கிக் கையை நீட்டினார். ஹரிகிருஷ்ணன் குவியலின் மேல் கையை விரித்து மூடினான்.

“கவுத்துப் போட்டாச்சுண்ணா. அன்னிக்கி அக்காவுக்குச் சொன்னதுதான் இன்னிக்கி உங்களுக்கும். இப்ப உயிரோட இருக்கறது அக்கா சீட்டு மட்டும்தான்.”

ஒரே சத்தம். விதி விதிதான் என்றார்கள் சிலர். நல்ல நாளும் அதுவுமாகப் பெரிய மனுஷனை இப்படிச் செய்யலாமா, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் என்ன என்றார்கள் சிலர். யாரோ செல்வாம்பாளின் தோளைத் தட்டி, அவர் முகத்துக்கு நேராக, “நீயே சொல்லும்மா. எடுத்துப் பாத்துடலாமா?” என்று கேட்டார்.

நல்ல பெயர் வாங்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. சரி என்று சொல்லியிருந்தால் எல்லாரும் அவரைத் தூக்கி வைத்துப் பேசியிருப்பார்கள்.

“வேணாம்” என்றார் செல்வாம்பாள். காது கேட்காதவர்களுக்கு வரும் அந்த உரத்த குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “அன்னிக்கி நான் கைய நீட்டனப்ப, பாத்துடலாம்னு ஒருத்தரும் சொல்லல. சிரிச்சீங்க. எல்லாருக்கும் ஒரே ஆட்டம்தான்.”

கேட்டவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“நீங்க காட்டணும்னு கூட இல்லக்கா. எதிர்ல சீட்டே இல்ல. கொட்ட எல்லாம் உங்களுது” என்றான் ஹரிகிருஷ்ணன்.

“காட்டிட்டே எடுத்துக்கறேன்” என்று சொல்லி, செல்வாம்பாள் தன் சீட்டைத் திருப்பி வைத்தார். கிளாவர் ஏழு, டைமன் ராணி. நடுவில் கிடந்த ரெண்டு ஏழோடு சேர்ந்து மூன்று ஏழு. ஃப்ளஷுக்கு முன்னால் நிற்காத கைதான். ஆனால் மேசையில் வேறு கையே இல்லையே.

படியில் நின்ற பெண்கள் விசிலடித்தார்கள். சிந்துஜா ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தணிகாசலம் எழுந்து, கோப்பையை எடுத்து வந்து, செல்வாம்பாள் முகத்தைப் பார்த்து நின்றார்.

“ஏம்மா, நெசமா ஃப்ளஷுதான் வெச்சிருந்தேன்.”

“தெரியும்ண்ணா.”

“எப்பிடித் தெரியும்?”

“பொய் சொல்லும்போது நீங்க கீழ் ஒதட்டக் கடிச்சிப்பீங்க. இப்ப சொல்லும்போது கடிக்கல.”

மன்றமே வெடித்துச் சிரித்தது. தணிகாசலம் கையை உதட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, அவரும் சிரித்துவிட்டார். “அடிப்பாவி, இத்தன நாளா இதத்தான் பாத்துக்குனு இருந்தியா?” என்று கோப்பையை அவர் கையில் கொடுத்தார். நான் அவரை அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. அதற்கப்புறம் ஒரு ஆட்டத்தில்கூட அவர் சீட்டைத் திறக்காமல் புளியங்கொட்டையைத் தொடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கீழே சிந்துஜா ஸ்கூட்டியைக் கிளப்பினாள். செல்வாம்பாள் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

“வூட்டுக்குப் போவாத. பீச்சுக்குப் போ” என்றார்.

அங்கே நடந்ததைச் சிந்துஜாதான் பிறகு எங்களுக்குச் சொன்னாள். காணும் பொங்கல் கூட்டம். சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள் கரும்பும் குழந்தைகளுமாகக் கடற்கரை முழுக்க நிறைந்திருந்தார்கள். வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு, கோப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு நடுவே செல்வாம்பாள் நடந்தார். சுண்டல் வாங்கித் தின்றார். பாகூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஏதோ பெரிய ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவர் போலிருக்கிறது என்று நினைத்து, பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டது. செல்வாம்பாள் எதையும் திருத்தவில்லை. தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, கோப்பையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்.